திறந்து வைத்த கணவாய்

அத்தியாயம் 11

ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் ஜுஹைனா இந்தக் கல்யாணத்துக்குத் தலையாட்டியது மாப்பிள்ளையின் படிப்பைப் பார்த்தோ ஷார்ஜா உத்தியோகத்தைப் பார்த்தோ அல்ல. ஒரே ஒரு வரியைப் பார்த்து.

'கல்யாணத்துக்கு அப்புறமும் லேப் வேலைய விட வேண்டாம். இது என் வார்த்தை.'

அந்த வரி போன் பேச்சில் வந்ததில்லை. வரவும் முடியாது. நிக்காஹ் முடியும் வரைக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் பேசிக்கொள்ளக் கூடாது என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். சேர்ந்து விளையாடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அப்படி ஒன்று நடக்கக்கூடும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

வழி கண்டுபிடித்தவன் அவளுடைய அண்ணன் முகம்மது ஆசிக். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அண்ணனும் தங்கையும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஆடிக்கொண்டிருக்கும் பேரரசு கட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. நீ ஒரு முறை, நான் ஒரு முறை என்று மாறி மாறி நகர்த்த வேண்டும். ஒரே ஒரு கூட்டத்தையும் ஒரு வீரனையும் வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் முதல் நகரத்தை நாட்டி, வயல் போட்டு, சுவர் கட்டி, படை சேர்த்து, பேரரசு ஆவது வரைக்கும் போகலாம். அந்த ஆட்டத்தில் 'ஆதம் புளியறை' என்ற பெயரில் ஒரு கணக்கு இருப்பதை ஆசிக் தேடிப் பிடித்துத் தங்கை பெயரில் அழைப்பு அனுப்பினான். உடனே பதில் வந்தது. திரையின் ஓரத்தில் இரண்டு வரி எழுத இடம் இருந்தது. ஊர் பேசாதே என்று சொன்னதை அவர்கள் அங்கே எழுதிக்கொண்டார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன வாரம் வரைக்கும். ஆட்டத்தில் செய்துகொண்ட சமாதான ஒப்பந்தம் காலாவதியான மறு முறையே ஆதமின் படை வந்து அவளுடைய இரண்டு நகரங்களைப் பிடித்துக்கொண்டது. ஜுஹைனா தன் நகரங்களுக்கெல்லாம் சுற்றுவட்டார ஊர்களின் பெயரை வைப்பாள். ஆலங்குளமும் இலஞ்சியும் பறிபோன அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. 'ஒப்பந்தம் முடிஞ்சிட்டுல்லா' என்று ஒரு வரி மட்டும் வந்தது.

அன்றைக்குப் பிடித்த பயம்தான். ஒப்பந்தம் முடிந்த கையோடு நகரத்தைப் பிடிக்கிறவன், கல்யாணம் முடிந்த கையோடு வேலையை நிறுத்த மாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆதம் கல்யாணத்துக்கு லீவில் வந்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் புளியறையிலிருந்து குற்றாலத்துக்கு வருகிறார்கள். சீசனுக்குச் சம்பந்தி வீட்டை அழைத்து, அருவியில் குளிக்க வைத்து, வயிறு நிறையச் சோறு போடவில்லையென்றால் அப்புறம் தென்காசிக்காரன் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை என்பது ஜுஹைனாவின் வாப்பா நாசரின் கொள்கை. ஐந்தருவி ரோட்டில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்.

இன்றைக்கே இரண்டாவது ஆட்டத்தையும் தொடங்குவதாக ஏற்பாடு. அந்த ஏற்பாடும் ஆட்டத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டதுதான். 'ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஆடிப் பாப்போம்' என்று அந்தப் பக்கமிருந்துதான் யோசனை வந்தது.

காலையில் வேன் வருவதற்கு முன்னால், அடுப்படிக்குப் பின்னால் இருந்த அறையில் அண்ணனும் தங்கையும் ஒரு தாம்பாளத்தை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். தாம்பாளத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் வரிசையாக அடுக்கியிருந்தது. அது மலை. வரிசை நடுவில் ஒரு சிப்ஸ் அளவுக்கு இடைவெளி. அது கணவாய். மலைக்கு இந்தப் பக்கம் மங்குஸ்தான் ஓடு ஒன்று கவிழ்ந்திருந்தது. அது ஜுஹைனாவின் தலைநகரம். ரம்புட்டான் கொட்டைகள் படைவீரர்கள்.

போன ஆட்டத்தின் அதே வரைபடம்தான் இந்த ஆட்டத்துக்கும். மலைக்கு மேற்கே அவன், கிழக்கே இவள். நடுவில் போக்குவரத்துக்கு அந்த ஒரு கணவாய் மட்டும்.

"நல்லாக் கேட்டுக்கோ" என்றான் ஆசிக். "மொத முறையிலயே நகரத்த நாட்டிரணும். நல்ல எடம் பாக்கேன்னு அந்தக் கூட்டத்த இழுத்துக்கிட்டுத் திரிஞ்சா ஒவ்வொரு முறையும் நட்டம். ஆத்தங்கரை மேடு இருக்கா, அங்கனயே போடு. அடுத்து ஒரு வீரன் செய். அவனக் கொண்டுபோயிக் கணவாய் வாயில நிறுத்து. கதவு சாத்துன மாதிரி. அதுக்கப்புறம் நிம்மதியா ரெண்டாவது நகரம், மூணாவது நகரம்."

"வீரன் செய்யப் போறதில்ல."

"அப்ப?"

"குடியேறுத கூட்டம்தான். மொத ரெண்டு தடவையும் அதான். கையில இருக்க ஒத்த வீரனையும் கெழக்க அனுப்பிருவேன், ஊர் பாக்க."

ஆசிக் தாம்பாளத்தைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். "கணவாய யாரு பாத்துக்கிடுதது?"

"யாரும் வேண்டாம். திறந்தே கெடக்கட்டும்."

ஆரம்ப முறைகளில் ஆட்டத்தில் ஒப்பந்தம் எழுத முடியாது. அந்த வசதி பின்னால்தான் வரும். வாய்ச்சொல்லைத் தவிர அதுவரை யாரையும் எதுவும் கட்டுப்படுத்தாது. அதனால்தான் ஜுஹைனா நேற்றே ஓரத்தில் எழுதிக் கேட்டிருந்தாள். 'மலைக்கு இந்தப் பக்கம் வர மாட்டேன்னு சொல்லுங்க.' பதிலும் வந்திருந்தது. 'வர மாட்டேன்.'

"வந்தாவன்னா?" என்று கேட்டான் ஆசிக்.

"வாப்பாட்ட இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிருவேன்."

ஆசிக்குக்குக் கை கால் ஓடவில்லை. பத்திரிகை அடித்தாகிவிட்டது. மண்டபம் பேசியாகிவிட்டது. பதற்றத்தில் அவன் கை தானாகத் தாம்பாளத்துக்குப் போய் ஒரு சிப்ஸை எடுத்து வாயில் போட்டது.

"அண்ணே, மலையத் திங்காத."

"ஏட்டி, நீ ஆடுதது கேமா, இல்ல அல்லாகிட்ட முடிவு கேட்டுத் தொழுவுத இஸ்திகாராவா?"

"இஸ்திகாரா தொழுதாச்சு" என்றாள் ஜுஹைனா. "கனவு ஒண்ணும் வரல. வேற என்ன செய்யச் சொல்லுத? நேர்ல கேக்கவும் விட மாட்டிய. நீயாவது கேட்டுச் சொல்லுன்னா அதுவும் மாட்ட."

"நான் எப்படிக் கேக்க? நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுதது எனக்குத் தெரியவே தெரியாதுங்கற மாதிரில்லா நான் மச்சாங்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன். அவியளும் அதப் பத்தி மூச்சு விடல. அதான் மரியாத."

அந்த மரியாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. பின்னால் வருவோம்.

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. வாடகை வீட்டு முற்றத்தில் ஈரச் செருப்புகள் குவிந்தன. புளியறைக்காரர்களின் வேன் வந்து நின்றபோது ஜுஹைனா உள்ளறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் இறங்கியவர் ஆதமின் உம்மா மெஹர் பானு. பெரிய உடம்பு, வாய் நிறையச் சிரிப்பு. அடுத்து அவனுடைய அக்கா ஹஸீபா. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள், அதிகம் பேசாதவள். கடைசியாக ஆதம். நிச்சயதார்த்தத்தின்போது வீடியோவில் பார்த்ததை விட உயரமாக இருந்தான். கொஞ்சம் கூன் போட்டு நடந்தான்.

ஜுஹைனா முதல் முறையை அவர்கள் வேனில் வந்துகொண்டிருக்கும்போதே ஆடிவிட்டாள். ஆற்றங்கரை மேட்டில் தலைநகரம். பெயர் தென்காசி. வீரன் கிழக்கே போய்விட்டான். கணவாய் திறந்து கிடந்தது. மறுபக்கத்திலிருந்து முறைகள் சுறுசுறுப்பாக வந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை வேனில் உட்கார்ந்துகொண்டே ஆடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஷாலுக்குள் போனை ஒளித்து வைத்து நகர்த்துவதில் லேபில் அவளுக்கு நல்ல பயிற்சி.

அடுப்படியில் ஜுஹைனாவின் உம்மா கறிக்கு மசாலா வதக்கிக்கொண்டிருந்தாள். மெஹர் பானு மாமி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஜுஹைனாவின் கையைப் பிடித்துத் தடவினார்.

"பிள்ள கையி எவ்வளவு மெலிஞ்சு கெடக்கு பாருங்க. ஆஸ்பத்திரில நின்னு நின்னு, அந்த ரத்தத்தையும் சளியையும் பாத்துப் பாத்து. இன்னும் கொஞ்ச நாளுதானே. அப்புறம் நம்ம வீட்டுல உக்காந்து சாப்பிடலாம். நான் பாத்துக்கிடுதேன்."

மாமி அதை அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. மிரட்டியிருந்தால் எதிர்த்துப் பேசலாம். கையைத் தடவிக்கொண்டு சொன்னால் என்ன செய்வது? உம்மா பாதி சிரித்து வைத்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த ஆதமின் காதிலும் அது விழுந்திருக்கும். அங்கேயிருந்து சத்தமே இல்லை.

வாக்குக் கொடுத்தவர் ஏன் வாயைத் திறக்கவில்லை?

ஆண்கள் குளிக்கக் கிளம்பினார்கள். ஆண்கள் முதலில், பெண்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்று ஏற்பாடு. நாசர் ஒரு பனையோலைப் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்து நடுவில் வைத்தார்.

"போன எல்லாத்தையும் இங்கன போடுங்க. போன சீசன்ல எம் மச்சான் பையில வச்ச போனு அருவியோட போயிட்டு. தேடுனா பாறதான் இருந்துச்சு."

ஒவ்வொருவராகப் போனைப் பெட்டியில் போட்டார்கள். ஆசிக் போட்டான். போடும்போது உள்ளறைக் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்து, இந்தப் பரீட்சை வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினான். ஆதம் நீல உறை போட்ட போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, திரையைக்கூடப் பார்க்காமல் மற்ற போன்களின் மேல் வைத்தான். என்ன நடிப்பு என்று நினைத்தாள் ஜுஹைனா. ஆடிக்கொண்டிருக்கும் ஆள் என்று யாராவது சொல்ல முடியுமா? அதுவும் அவள் பயத்தில் கொஞ்சம் சேர்ந்துகொண்டது.

வேன் போய்விட்டது. ஹஸீபா மைனிக்குத் தலைவலி என்று பக்கத்து அறையில் போர்வையைப் போர்த்திப் படுத்துவிட்டாள். ஜுஹைனாவின் மடியில் புதினாக் கட்டைப் போட்டு, இலையை மட்டும் கிள்ளச் சொல்லிவிட்டு உம்மா அடுப்படிக்குப் போனாள். மாமியும் கூடவே போனார். கூடத்தில் ஜுஹைனாவும் புதினாவும் பனையோலைப் பெட்டியும்தான்.

போன் அதிர்ந்தது. உங்கள் முறை.

திரையைப் பார்த்தாள். கணவாய்க்குள் இரண்டு வீரர்கள் நின்றார்கள். அவன் நிறம். ஒருவன் கணவாயைத் தாண்டி இந்தப் பக்கத்துக்கே வந்துவிட்டான்.

காது இரண்டும் சூடாகின. வர மாட்டேன் என்று எழுதிய மை காய்வதற்குள் வந்தாகிவிட்டது. அப்படியானால் லேப் வேலை பற்றிய அந்த வரிக்கும் இதே ஆயுசுதான். மாமி கையைத் தடவியபோது கூடத்தில் இருந்த அமைதிக்கும் இப்போது அர்த்தம் விளங்கிவிட்டது. வாப்பா அருவியிலிருந்து வந்ததும் சொல்லிவிட வேண்டியதுதான். வாப்பாவின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தாள். மடியிலிருந்த புதினாவைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

எழுந்தபோது பெட்டி கண்ணில் பட்டது.

நீல உறை போட்ட போன் எல்லாப் போன்களுக்கும் மேலே கிடந்தது. வைத்தது வைத்தபடி. திரை இருட்டாக இருந்தது.

ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நிற்கிற மனுஷன் எப்படிப் படையை நகர்த்தினான்?

ஜுஹைனா மறுபடி உட்கார்ந்தாள். ஏதோ ஒன்றை நகர்த்தி, முறையை முடித்துவிட்டு, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முறை முடிந்தால் எதிராளியின் பக்கம் ஒரு சின்ன மணி அடிக்க வேண்டும். நீல போன் அசையவில்லை. வெளிச்சமும் வரவில்லை.

மணி அடித்தது. பக்கத்து அறையில்.

கதவைத் தட்டாமல் திறந்தாள். போர்வைக்குள் ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஹஸீபா மைனி எழுந்து உட்கார்ந்து போர்வையை விலக்கினாள். மடியில் ஒரு பழைய டேப்லெட், மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. திரையில் மலை, ஆறு, தென்காசி என்று பெயர் வைத்த நகரம்.



"கதவச் சாத்து" என்றாள் ஹஸீபா.

ஜுஹைனா சாத்தினாள். உட்காரவில்லை.

"ஆதம் போன லீவுல வந்தப்ப விட்டுட்டுப் போனது" என்றாள் ஹஸீபா. "அவன் பேரு அதுலயே கெடந்துச்சு. ஒரு நாள் அழைப்பு வந்துச்சு, ஒம் பேருல. அழுத்திட்டேன்."

வளைகுடாவுக்குப் போகிறவன் வீட்டில் புதுப் போன் அவனுக்கு, பழையது தங்கைக்கோ அக்காவுக்கோ, அதற்கும் பழையது உம்மாவுக்கு என்று போன்கள் கை மாறிக்கொண்டே இருக்கும். பழைய கணக்கை யாரும் கழற்ற மாட்டார்கள். ஷார்ஜாவில் இருப்பவன் பெயரில் புளியறையில் ஒருத்தி சீரியல் பார்ப்பாள். இதையெல்லாம் தினமும் கடையில் பார்த்துப் பார்த்துச் சலித்தவன் ஆசிக். சொந்தத் தங்கை விஷயத்தில் அது அவனுக்குத் தோன்றவே இல்லை. ஆதமிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கேட்கவில்லை. மரியாதை.

"மொதல்லேருந்தே நீங்கதானா?"

"மொதல்லேருந்தே."

"அவியளுக்கு?"

"ஒண்ணும் தெரியாது. இந்த ஆட்டத்த அவன் தொட்டு வருஷக்கணக்காச்சு. நம்ம வீட்டுக்கு வரப்போற பிள்ள எப்படின்னு பாக்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. வேற வழி? எங்கிட்ட யாரு எதக் கேக்கா?"

ஜுஹைனாவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். முதலில் ஆட்டத்தின் மேலேயே காட்டினாள்.

"ஆலங்குளத்த ஏன் புடிச்சிய?"

"சொவரு கட்டுன்னு எத்தன மட்டம் எழுதினேன். நீ கட்டல. நீ எப்பவும் ஒத்தப் பக்கத்தத்தான் பாக்க. இன்னொரு பக்கத்துல என்ன நடக்குன்னு பாக்கவே மாட்டேங்க."

"இப்ப மட்டும்? வர மாட்டேன்னு சொன்னியல்லா. கணவாய்க்குள்ள ஏன் வந்திய?"

ஹஸீபா டேப்பைத் திருப்பிக் காட்டி, விரலால் வரைபடத்தைத் தள்ளினாள். ஆறு வடக்கே வளையும் இடத்தில் சிவப்பாக மூன்று பேர் நின்றார்கள். காட்டுப்படை. யாருக்கும் சொந்தமில்லாமல் எங்கிருந்தோ கிளம்பி வந்து, காவல் இல்லாத நகரத்தைச் சூறையாடிவிட்டுப் போகும் கூட்டம்.

"ஒந் தலைநகரத்துல ஒரு ஆளக் காணும். இருந்த ஒருத்தனையும் கெழக்க அனுப்பிட்ட. இது வந்துச்சுன்னா அதோட ஒன் ஆட்டம் முடிஞ்சிரும். ஓரத்துல எழுதிப் பாத்தேன், நீ படிக்கல. அதான் என் ஆளுவள அனுப்பினேன், காவலுக்கு. வாக்கத் தாண்டித்தான் வந்தேன். வராம இருந்தா நல்லாருக்குமா?"

ஜுஹைனா பார்த்தாள். அவள் கண் காலையிலிருந்து கணவாயை விட்டு அகலவில்லை. வடக்குப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்து வரியையும் பார்க்கவில்லை. அது இப்போதும் அங்கேதான் இருந்தது. 'வடக்க பாரு பிள்ள.'

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கியதோடு நின்றிருந்தால் இந்த அத்தியாயம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அவள் புத்திசாலிப் பெண். அடுத்த மூச்சிலேயே இன்னொன்று தோன்றிவிட்டது. படை அனுப்பிய ஆள் ஆதம் இல்லை. சரி. அப்படியானால் வாக்குக் கொடுத்த ஆளும் ஆதம் இல்லையே.

"மைனி" என்றாள். "வேல விஷயம்?"

ஹஸீபா டேப்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"அதுவும் நாந்தான் எழுதுனது."

"அவியகிட்ட கேட்டுட்டா?"

"கேக்கல."

ஜுஹைனா அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு வரியை நம்பித்தான் சம்மதம் சொன்னாள். அந்த ஒரு வரியை நம்பித்தான் பத்திரிகை அச்சாகிப் பெட்டி பெட்டியாக வீட்டில் இருக்கிறது. அதற்கு ஆதமோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

"அவிய வாக்கக் குடுக்க நீங்க யாரு மைனி?"

"தப்புத்தான்." ஹஸீபா தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் ஒரு வேல இருந்துச்சு பிள்ள. செங்கோட்டைல, ஸ்கூல்ல. நிச்சயம் ஆன அன்னைக்கே விடச் சொல்லிட்டாவ. விட வேண்டாம்னு ஒருத்தராவது சொல்லுவாவளான்னு வாசலப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒருத்தரும் சொல்லல. நீ லேபப் பத்தி எழுதுனதப் படிச்சப்ப, ஒனக்காவது யாராவது சொல்லணும்னு தோணிச்சு. எழுதிட்டேன். எழுதுன பெறவுதான் அது அவன் பேருன்னு ஞாபகம் வந்துச்சு."

"உங்க தம்பி என்ன நெனைக்காவன்னு உங்களுக்குமா தெரியாது?"

"தெரியாது. அவன் உம்மா பேச்சத் தட்டி நான் பாத்ததில்ல. நீ கேளு. நான் கேட்டா, வீட்டுல இருக்கவளுக்கு இது எதுக்குன்னு பேச்சு வேற பக்கம் போயிரும்."

முற்றத்தில் வேன் சத்தம் கேட்டது. அதற்குள்ளா? ஆசிக்கின் குரல் முதலில் வந்தது. அருவியில் தண்ணீர் கூடிவிட்டதாம். போலீஸ் எல்லாரையும் வெளியேற்றிவிட்டதாம். பாதிப் பேர் இன்னும் நனையவே இல்லையாம்.

ஜுஹைனாவுக்கு யோசிக்க நேரமில்லாமல் போனது. அண்ணனிடம் சொல்லலாம். அவன் வாப்பாவிடம் சொல்வான், வாப்பா உம்மாவிடம், உம்மா மாமியிடம். அத்தனை வாய்களைத் தாண்டி ஆதமைப் போய்ச் சேரும்போது அவள் கேட்டது என்னவோ, அவன் காதில் விழுந்தது என்னவோ என்று ஆகிவிடும். பேசாமலும் இருக்கலாம். பேசாமல் இருந்தால் நிக்காஹ் நடக்கும். நடந்த மறுநாள் மாமி கையைத் தடவுவார்.

நல்ல இடம் பார்க்கிறேன் என்று திரிந்தால் ஒவ்வொரு முறையும் நட்டம். காலையில் அண்ணன் சொன்னதுதான்.

எழுந்து ஷாலைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். கூடத்துக்குப் போய்ப் பனையோலைப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஆண்கள் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தார்கள். அடுப்படி வாசலில் உம்மாவும் மாமியும் நெய்ச்சோற்றுச் சட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பெண் இப்படிக் கூடத்து நடுவில் வந்து நிற்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நாசர் நெற்றியைச் சுருக்கினார்.

ஆதம் போனுக்காகக் கையை நீட்டினான். ஜுஹைனா பெட்டியைக் கொடுக்கவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

துவட்டிக்கொண்டிருந்த துண்டுகள் நின்றன. ஆசிக்கின் முகம் வெளிறியது. அவன் இன்னும் கணவாயை நினைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

"ஜுஹைனா" என்றார் வாப்பா. அதட்டலும் இல்லை, அனுமதியும் இல்லை. அவருக்கே தெரியவில்லை.

"கல்யாணத்துக்கு அப்புறமும் நான் லேபுக்குப் போவேன். அதுல உங்களுக்குச் சம்மதமா, இல்லையா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குப் பயம் முழுவதுமாக வந்தது. பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பக்கத்து அறைக் கதவு கொஞ்சமாகத் திறந்து, ஹஸீபா வந்து நின்றாள்.

ஆதம் அவளை நேராகப் பார்த்தான். முதல் தடவையாக அவனுடைய குரலைத் திரையோ எழுத்தோ நடுவில் இல்லாமல் கேட்டாள். சளி பிடித்த குரல்.

"இதுக்கு நான் நிச்சயத்து அன்னைக்கே பதில் சொல்லி அனுப்பிட்டேனே" என்றான். அவன் முகத்தில் நடிப்பு எதுவும் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "உம்மாட்டதான் சொன்னேன். உங்க வீட்டுல கண்டிப்பாச் சொல்லணும்னு சொன்னேன். உம்மா, சொல்லலியா நீங்க?"

எல்லாருடைய முகமும் அடுப்படி வாசலுக்குத் திரும்பியது.

மெஹர் பானு மாமி சட்டி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த வாய் நிறைந்த சிரிப்பு எங்கோ போயிருந்தது. மூடியைச் சட்டியின் மேல் வைத்தார். அது சரியாக உட்காரவில்லை. எடுத்து மறுபடி வைத்தார்.

"சோறு ஆறுது" என்றார். "மொதல்ல எல்லாரும் உக்காருங்க. சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

நாசர் பாயை விரிக்கக் குனிந்தார். அப்படியே உட்கார்ந்துவிடலாம் என்றுதான் எல்லாரும் ஆசைப்பட்டார்கள். ஜுஹைனா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"சோறு ஆறட்டும் மாமி" என்றாள். "அவிய உங்ககிட்ட என்ன சொல்லி அனுப்புனாவ?"